இருபத்தாறு பேர் எழுதிய பரீட்சை

திருச்சி
18.7.1990

அன்புள்ள காமு,

இங்கே வந்து ஒன்பது நாளாகிறது. உறையூரில் மாடியறை ஒன்று கிடைத்திருக்கிறது. கீழே வீட்டுக்கார அம்மா, பெயர் செல்வமேரி, ரிடையரான நர்ஸ். காலையில் காப்பி மட்டும் தருகிறேன் என்றார். மற்றதெல்லாம் ஹோட்டல்தான்.

நான் இந்த மாற்றலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று நீ நினைக்கிறாய். கேட்கவில்லை. அனுப்பினால் போகிறேன் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

எங்கள் பத்திரிகையில் நான் போட்ட பட்டியல் விஷயத்தை நேரில் சொல்ல நீ வாய்ப்புத் தரவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மிகக் குறைந்த இருபது பள்ளிகள். பதினேழு நாள் அலைந்து சேர்த்தேன். நெடுஞ்சேரி அரசு உயர்நிலைப் பள்ளி பதினொரு சதவீதத்தோடு கடைசியில் நின்றது. என் மனைவி தலைமையாசிரியையாக இருக்கிறாள் என்பதற்காக அந்த ஒரு வரியை நான் எடுத்திருந்தால், மீதிப் பத்தொன்பது பேருக்கு நான் என்ன பதில் சொல்வது? ‘காமாட்சி பட்டாபிராமன்’ என்று என் பெயரும் சேர்ந்துதான் அச்சாயிற்று.

முன்கூட்டியே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பால் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு திரிபுரசுந்தரி பேப்பரைக் காட்டி நீ தெரிந்துகொண்டாய். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியல் தப்பில்லை.

காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்த சீட்டு என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்
பட்டாபி


மேற்குத் தாம்பரம்
2.8.1990

திரு. பட்டாபிராமன் அவர்களுக்கு,

கடிதமும் சீட்டும் கிடைத்தன. சிலிண்டர் வந்துவிட்டது.

பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ‘பட்டியல் தப்பில்லை’ என்ற வரி நாலு நாளாக என்னை விடவில்லை.

என் பள்ளியில் இரண்டு வருடமாகக் கணக்கு ஆசிரியர் கிடையாது. ஆங்கிலத்துக்கு வந்த பெண் பிரசவ விடுப்பில் போனவள் அப்படியே மாற்றல் வாங்கிக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே கூரைக் கொட்டகைக்குள் முதுகோடு முதுகு சாய்ந்து உட்காருகின்றன. மழை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இதையெல்லாம் உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடமாகச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் சொன்னதுதான். நீங்கள் ‘ம்’ போட்டுக்கொண்டே மோர் கேட்பீர்கள். பதினேழு நாள் அலைந்தீர்களாம். அடுத்த அறையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வாரம் கல்வி அதிகாரி வந்தார். ஆசிரியர்களை நிற்கவைத்து, எனக்கு நாற்காலி கூடக் காட்டாமல், கையில் ஒரு காகிதத்தை வைத்து வாசித்தார். ஏதோ அரசாணை என்று நினைத்தேன். உங்கள் பத்திரிகைத் துண்டு. வாசித்து முடித்து, “இன்னும் ரெண்டு வருஷம் டைம் தரேன். நாற்பது பர்சென்ட் வரலைன்னா உங்க மேல ஆக்‌ஷன் எடுக்காம என்னால இருக்க முடியாதும்மா. மேலேருந்து கேக்கறாங்க” என்றார். மெமோவும் தந்தார்.

ஸ்டாஃப் ரூமில் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். புருஷனே எழுதினானாம் என்று.

கடிதம் வேண்டாம்.

காமாட்சி


திருச்சி
11.1.1991

அன்புள்ள காமு,

நான்கு கடிதம் போட்டேன். பதில் இல்லை. இது ஐந்தாவது. படிக்காமல் வைத்துவிடாதே, இதில் உன் வேலை சம்பந்தமான விஷயம் இருக்கிறது.

பட்டியலை எடுத்துக் காட்டி ஒரு உறுப்பினர் சட்டசபையில் பேசியிருக்கிறார். இனி நாற்பது சதவீதத்துக்குக் கீழே போகும் எல்லாப் பள்ளித் தலைமையாசிரியர்கள் மேலும் நடவடிக்கை என்று அமைச்சர் பதில் சொல்லியிருக்கிறார். உனக்கு உன் அதிகாரி வாயால் சொன்னது இப்போது எல்லோருக்கும் பொது விதி ஆகிவிட்டது. எங்கள் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டு, ‘நமது செய்தியின் எதிரொலி’ என்று கட்டம் கட்டியது. பட்டியல் இனி வருடா வருடம் எல்லாப் பதிப்பிலும் வருமாம். அலுவலகத்தில் எனக்கு மாலை போடாத குறை. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். அறைக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உன் கூரைக் கொட்டகை ஞாபகம் வந்தது.

அதனால் ஆசிரியர் காலியிடங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நீ சொன்னதெல்லாம் அதில் இருந்தது. சென்னையிலிருந்து செய்தி ஆசிரியர் ஸ்ரீரங்கன் ட்ரங்க் கால் போட்டார். “பட்டாபி, காலியிடம் வருஷா வருஷம் இருக்கு. அது நியூஸ் இல்ல. பர்சென்டேஜ்தான் நியூஸ்” என்றார். கடைசியில் வானிலைக்குக் கீழே நான்கு வரி வந்தது. வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

டிசம்பரில் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் படுத்தேன். செல்வமேரி அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, “வீட்ல சொல்லியாச்சா சார்?” என்று கேட்டார். சொல்லியாச்சு என்றேன்.

பட்டாபி


(அஞ்சலட்டை)
மேற்குத் தாம்பரம்
3.6.1991

கணக்கு ஆசிரியர் வந்துவிட்டார். பெயர் சிட்டிபாபு, திண்டிவனத்துக்காரர். உங்கள் நான்கு வரியாலா, தானாகவா தெரியாது. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் வந்து அவரால் என்ன செய்ய முடியும்? இந்த வருடம் முப்பத்து மூன்று சதவீதம். எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

காய்ச்சல் வந்தால் கடிதம் போடவும்.

கா.


திருச்சி
14.6.1992

அன்புள்ள காமு,

இன்று காலை டெலிப்ரிண்டர் அறையில் நின்றுகொண்டு செங்கல்பட்டு மாவட்ட முடிவுகளைப் பார்த்தேன். நெடுஞ்சேரி: எழுதியவர்கள் 26, தேறியவர்கள் 24. தொண்ணூற்றிரண்டு சதவீதம்! மறுபடி வாசித்தேன். டெலிப்ரிண்டர் பையன்கள் என்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் வெளியே போய் ஒரு டீ குடித்தேன். குடிக்க முடியவில்லை. பாதியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நாளைக்குச் சென்னைப் பதிப்பில் உன் படத்தோடு வருகிறது. ‘பதினொன்றிலிருந்து தொண்ணூற்றிரண்டு: ஒரு தலைமையாசிரியையின் சாதனை’. எழுதியது நான் இல்லை. புது நிருபர் ஒருவர் உன்னைப் பார்க்க வந்தாராமே, நீ ‘எல்லாம் பிள்ளைகளின் முயற்சி’ என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டாயாம். உன் சுபாவம் அவருக்கென்ன தெரியும், அடக்கம் என்று எழுதியிருக்கிறார்.

ஸ்ரீரங்கன் போனில், “பாத்தியாய்யா, நம்ம லிஸ்ட் போட்டதுக்குப் பலன்” என்றார். நான் மறுக்கவில்லை. ஒருவேளை அன்று நான் செய்தது உனக்கும் நல்லதாகவே முடிந்ததோ? இப்படிக் கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு வருடமாக இந்த ஒரு கேள்வியோடுதான் தூங்கி எழுந்திருக்கிறேன்.

லீவு எடுத்து வரட்டுமா?

உன்
பட்டாபி


மேற்குத் தாம்பரம்
5.7.1992

அன்புள்ள உங்களுக்கு,

வர வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள். படித்த பிறகும் வரத் தோன்றினால் அப்போது பார்க்கலாம்.

போன வருடம் மே கடைசியில் என் ஒன்பதாம் வகுப்பில் எழுபத்தோரு பேர் இருந்தார்கள். முப்பத்து மூன்று சதவீதம் வந்த வாரம் அது. நானும் சிட்டிபாபுவும் மார்க் லிஸ்டை விரித்துவைத்து உட்கார்ந்தோம். அவர் ஒரு சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். “மேடம், கோட்டுக்கு மேல இருக்கறவங்கள மட்டும் டென்த்துக்கு அனுப்புவோம். எல்லா ஸ்கூல்லயும் இதான் நடக்குது. நீங்க மட்டும் ஏன் தலைய குடுக்கறீங்க?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். கோட்டுக்கு மேலே இருபத்தாறு பேர். கீழே நாற்பத்தைந்து.

நாற்பத்தைந்து பேரில் பன்னிரண்டு பேர் மறுபடி ஒன்பதாவது படித்தார்கள். முப்பத்து மூன்று பேருக்கு நானே கூப்பிட்டு டி.சி. கொடுத்தேன். ‘வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பெற்றோரிடம் சொன்னேன். அந்தப் பக்கம் வேறு பள்ளி எங்கே இருக்கிறது? எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

பெரும்பாலானவர்கள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள். அங்காளம்மாள் என்று, செங்கல் சூளையில் வேலை செய்கிறவள். அவள் மகள் ஜெயக்கொடி கணக்கில் முப்பத்தொன்று வாங்கியிருந்தாள். நாலு மார்க் குறைவு. அங்காளம்மாள் என் மேசை முன்னால் நின்றுகொண்டு கேட்டது அப்படியே மனதில் இருக்கிறது.

“இன்னா டீச்சரம்மா இது? எம் பொண்ணு ஒரு நாளு லீவு போட்டுக்கீதா? யாரையாச்சும் ஒரு வார்த்த பேசிக்கீதா?”

“இல்லம்மா. ஆனா இந்த மார்க்குல டென்த் பாஸ் பண்றது கஷ்டம்.”

“எய்தி பாத்துட்டு பெயிலானா பெயிலாவட்டும். எய்தவே வோணான்னு நீ எப்டி சொல்லுவ?”

‘அடுத்த ஆள் வரட்டும்’ என்றேன். ஆமாம், ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல.

உங்கள் பத்திரிகையில் என் படம் வந்து பத்து நாள் கழித்து, குன்றத்தூர் கோயிலுக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. காலனிப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கை குலுக்கிவிட்டுப் போகிறார்கள். திரிபுரசுந்தரி பாயசம் வைத்துக் கொண்டுவந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம், கம்பியைப் பிடித்து நின்றேன். திருமுடிவாக்கம் பட்டறைகளில் வேலை முடிந்த பெண்கள் இடம் பிடிக்கக் குன்றத்தூருக்கே வந்து எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சடக்கென்று எழுந்தாள்.

“குந்துங்க டீச்சர்!”

ஜெயக்கொடி. அரத்தால் இரும்புப் பிசிறு தேய்க்கிற வேலையாம். விரல் நுனியெல்லாம் கறுப்பு. நான் உட்கார்ந்தேன். என்னை நிற்கவிட்டிருக்கலாம், அவள் விடவில்லை. குனிந்து காதருகில் சொன்னாள்: “நம்ம ஸ்கூலு பேப்பர்ல வந்துகீதே டீச்சர்! எங்க சூப்ரவைசரு படிச்சி காட்னாரு. நான் அந்த ஸ்கூல்லதான் படிச்சேன்னு சொன்னேன். யாரும் நம்பல. உங்க போட்டோவ காட்டி, எங்க டீச்சர்னு சொன்னேன்.”

அவள் முகத்தில் ஒரு துளி குத்தல் இல்லை. நிஜமாகவே சந்தோஷம். குத்திப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். தாம்பரம் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது என் பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

காமு


திருச்சி
12.7.1992

காமு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. நான் முதலில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

26 என்ற எண்ணை அன்று காலையிலேயே பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு எழுபதுக்கு மேல் இருக்கிறது, உட்கார இடமில்லை என்று நான் அங்கே இருந்தபோது நீ வருடா வருடம் புலம்பியது எனக்கு ஞாபகம் வந்தது. மீதிப் பேர் எங்கே என்று மனதில் ஒரு கேள்வி எழுந்தது. வேறு எந்தப் பள்ளியாக இருந்தாலும் போனை எடுத்திருப்பேன். நான் டீ குடிக்கப் போய்விட்டேன். இரண்டு வருடம் முன்னால் உன் பள்ளி என்பதற்காக எதையும் விடமாட்டேன் என்று எழுதியவன் நான்.

நேற்று இங்கே சுற்றியுள்ள பதினோரு பள்ளிகளின் எண்ணிக்கையை வாங்கிப் பார்த்தேன். எட்டில் இதே கதை. சதவீதம் ஏறியிருக்கிறது, எழுதியவர்கள் பாதியாகியிருக்கிறார்கள். சிவப்புப் பென்சில் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இதை நான் எழுதப் போகிறேன். உன் பெயரோ பள்ளியின் பெயரோ வராது. ‘செங்கல்பட்டுப் பக்கத்து ஒரு தலைமையாசிரியை’ என்று போதும். உன் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நம்பு.

பட்டாபி


மேற்குத் தாம்பரம்
1.8.1992

அன்புள்ள உங்களுக்கு,

என் பெயரைப் போட்டுத்தான் வர வேண்டும்.

‘ஒரு தலைமையாசிரியை’ என்று போட்டால் படிக்கிற ஒவ்வொரு ஹெச்.எம்.மும் பக்கத்து ஊர்க்காரியைச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்புவார். அதிகாரி ‘ஆதாரம் இல்லை’ என்பார். என் பள்ளி கடைசியாக வந்தபோது பெயர் போட்டீர்கள். முதலில் வந்தபோது படமே போட்டீர்கள். நடுவில் நான் செய்ததற்கு மட்டும் ஏன் பெயர் இருக்கக் கூடாது? உங்களுக்கு என்மேல் இப்போது வந்திருக்கிற அக்கறை அன்றைக்கு வந்திருக்கலாம்.

நீங்கள் எழுதினால் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்பார்கள். அதனால் நானே எழுதிவிட்டேன். ஆசிரியருக்குக் கடிதம். ஒன்றரைப் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாவதில் எத்தனை பேர், யார் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. கடைசியில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன்: இனி பட்டியல் போடும்போது தேர்வு எழுதியவர்களோடு, அதற்கு முந்திய வருடம் ஒன்பதாவதில் இருந்தவர்களின் எண்ணிக்கையையும் போடுங்கள். அவ்வளவுதான்.

சென்னை அலுவலகத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். பிரதி இத்துடன்.

அனுப்பிவிட்டு வந்து குழம்பு வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். எப்போதாவது இப்படி ஆகிறது.

காமு


திருச்சி
20.9.1992

அன்புள்ள காமு,

ஸ்ரீரங்கன் உன் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. ‘பார்க்கலாம்’ என்று இழுப்பறையில் வைத்தார். அந்த இழுப்பறைக்குள் போனது எதுவும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. ஐந்து வாரம் பொறுத்தேன். இரண்டு முறை போன் செய்தேன். “நாமே போட்டோ போட்டுப் புகழ்ந்துட்டு, நாமே அதைப் பொய்னு போடறதா? படிக்கறவன் நம்மள என்ன நினைப்பான்?” என்றார்.

இங்கே மாவட்டச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. பதினேழாம் தேதி ஒரு அணைக்கட்டுத் திறப்பு விழாச் செய்தியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உன் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

திருச்சிப் பதிப்பில் மட்டும்தான் வந்தது. ஆனால் அதை எடுத்து இன்னும் இரண்டு பத்திரிகைகள் சென்னையில் போட்டுவிட்டன, உனக்கே தெரிந்திருக்கும். இங்கே மூன்று நாளில் நாற்பத்தொரு கடிதம் வந்திருக்கிறது. எல்லாம் தலைமையாசிரியர்கள். ‘நாங்களும் அப்படித்தான் செய்தோம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் போட்டுக் கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர்.

நேற்று முதல் நான் நிருபர் இல்லை. ப்ரூஃப் பார்க்கிறேன். வரி விளம்பரம், இரங்கல் விளம்பரம். தனியறை. கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் கேட்காது. இருபத்திரண்டு வருடம் அச்சு இயந்திரச் சத்தத்திலேயே இருந்தவனுக்கு இது ஒரு மாதிரி இருக்கிறது.

உன்னை என்ன செய்தார்கள்? உடனே எழுது.

பட்டாபி


மேற்குத் தாம்பரம்
24.1.1993

அன்புள்ள உங்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். விசாரணை, பதில், மறுபடி விசாரணை என்று போய்க்கொண்டிருந்தது. குற்றச்சாட்டு மெமோவில் ‘துறையின் நற்பெயருக்குக் களங்கம்’ என்று இருக்கிறது. பிள்ளைகளை நிறுத்தியது பற்றி ஒரு வரியும் இல்லை.

ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். சிட்டிபாபு மட்டும் ஒருநாள், “நான் கோடு போட்டதை நீங்க எழுதலையே மேடம்” என்றார். கையெழுத்து என்னுடையதுதானே என்றேன். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, வேறு காரணத்தால். தலை குனிந்துகொள்கிறார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்குள் போனேன். முப்பத்து மூன்று வீடு. ஒன்பது பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். மூன்று பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. சில பேர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர், தசரதன் என்று, ரியல் எஸ்டேட் ஆளுக்கு நிலத்தை விற்றவர், “எம் பையன் இப்போ ப்ரோக்கரு, உங்களவிட நல்லாகீறான், போங்க” என்றார்.

அங்காளம்மாள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். “பேப்பர்ல நீயே உம் மேல எய்தி போட்டுக்கினியாமே? இன்னாத்துக்கு?” என்றாள். பிறகு நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவளே, “சரி வுடு. வந்தியே” என்றாள்.

ஜெயக்கொடி பள்ளிக்கு வர முடியாது என்றாள். அவள் கொண்டுவருவதில்தான் வீடு நடக்கிறது. நான் எழுந்தபோது வாசல் வரை வந்து ஒன்று கேட்டாள்.

“அன்னிக்கு என்னிய உட்டிருந்தா பாஸாயிருப்பேனா டீச்சர்?”

“தெரியலைம்மா” என்றேன்.

“உங்களுக்கே தெரிலயா?” என்று கேட்டாள். கோபமே இல்லை. ஆச்சரியமாகக் கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

காமு


மேற்குத் தாம்பரம்
27.6.1993

அன்புள்ள காமு,

இந்தக் கடிதத்தின் தலைப்பில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வரலாம். சென்னைக்கு மாற்றினார்கள். ப்ரூஃப் அறைக்குத்தான். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எழுதாமல் வந்தேன். நீ பன்னிரண்டாம் தேதி போய்விட்டாயாம். மூன்று நாள் அவகாசத்தில் திருவண்ணாமலைக்கு அப்பால் மாற்றல் என்று திரிபுரசுந்தரி சொல்லித்தான் தெரிந்தது. உன் கடிதம் திருச்சிக்குப் போய், செல்வமேரி அம்மா விலாசம் மாற்றி அனுப்பி, நேற்றுதான் இங்கே வந்தது.

சாவியை வாங்கித் திறந்தேன். ஒரே ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாய். மீதியெல்லாம் பரணில். மூன்று வருடம் நீ எப்படி இருந்தாய் என்று அதைப் பார்த்துத்தான் புரிந்தது. திருச்சி அறையில் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஒரு செய்தி. சுற்றறிக்கை வந்துவிட்டது. இனி எல்லாப் பள்ளியும் தேர்ச்சி விவரத்தோடு முந்திய வருட ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கையையும் அனுப்ப வேண்டும். பெற்றோர் எழுதிக் கேட்காமல் டி.சி. தரக் கூடாது. நீ கேட்டதுக்கு மேலேயே ஒன்று. உன் பெயர் அதில் எங்கும் இல்லை. ஸ்ரீரங்கன் அதையும் ‘நமது செய்தியின் எதிரொலி’ என்று போட்டார். அந்தக் கட்டத்துக்கு நான்தான் ப்ரூஃப் பார்த்தேன். ஒற்றுப்பிழை ஒன்று இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

நேற்று விடுமுறை. படப்பை பஸ் ஏறி நெடுஞ்சேரிக்குப் போனேன். காமு, நீ அங்கே ஆறு வருடம் வேலை பார்த்தாய். நான் ஒரு தடவை கூட வந்ததில்லை. பட்டியல் போட்டபோதும் வரவில்லை, கல்வி அலுவலகத்தில் எண்ணை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி வயல் நடுவே ஒன்றரை மைல் நடக்க வேண்டும் என்பதை நீ எப்போதும் சொன்னதில்லையா, இல்லை நான் கேட்கவில்லையா? கொட்டகைக்குள் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கரும்பலகை தெரியவில்லை. தூண் மறைக்கிறது.

நான் அங்கே வரட்டுமா? நிருபராக இல்லை. சும்மா.

பட்டாபி


11.7.1993

அன்புள்ள உங்களுக்கு,

பின் பெஞ்சைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தத் தூணை எடுக்கச் சொல்லி ஐந்து மனு போட்டேன். எடுத்தால் கூரை விழுந்துவிடும் என்று பதில் வந்தது.

இங்கே மலையடிவாரம். பள்ளிக்குக் கட்டடம் இருக்கிறது, ஆசிரியர்கள் இல்லை. கணக்கும் ஆங்கிலமும் நானே எடுக்கிறேன். பத்தாவதில் பத்தொன்பது பேர். எல்லோரும் எழுதுவார்கள். எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரியாது. அதிகாரி அடுத்த மாதம் வருகிறார். கேட்டால் இதையேதான் சொல்லப் போகிறேன்.

கங்கையம்மாள் என்று ஒரு சத்துணவு ஆயா இருக்கிறாள். அவள் வீட்டின் பின்பக்க அறையில் தங்கியிருக்கிறேன். அவளுக்குக் காது மந்தம். பள்ளி விட்டு வந்தால் மறுநாள் மணி அடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முழு நாளும் அப்படியே போய்விடும். ஒருநாள் என் குரலைக் கேட்க வேண்டும்போல இருந்தது. ஏழாம் வகுப்புப் பூகோளப் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன்.

வருவதானால் சனிக்கிழமை வாருங்கள். திருவண்ணாமலையில் பஸ் மாற வேண்டும். மதியம் ஒரு மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் நாலரைக்கு. கடைசி நிறுத்தம். இறங்கி யாரைக் கேட்டாலும் ஸ்கூலைக் காட்டுவார்கள். வருகிறேன் என்று கடிதம் போட வேண்டாம். வந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பேசாமலே இருந்து எனக்குப் பழகிவிட்டது. நீங்கள் வந்த முதல் நாள் நான் ஒன்றும் பேசாமல் இருந்தாலும் இருப்பேன். அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட வேண்டாம்.

காமு